ஐந்து மணிகள், ஒரு புதிர்: கோடோவில் பண்டைச் சீன இசை விளையாட்டு

1978-இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், ஸெங் நாட்டை ஆண்ட யீ என்பவரின் கல்லறையிலிருந்து 65 வெண்கல மணிகளை அகழ்ந்தெடுத்தார்கள். கி.மு. 433-ஐ ஒட்டிய அந்த மணிகளின் வாய் வட்டமாக இல்லாமல் வாதுமைப் பருப்பைப் போல் இருபுறமும் கூர்ந்திருப்பதால், நடுவில் தட்டினால் ஒரு சுரமும் பக்கவாட்டில் தட்டினால் வேறொரு சுரமும் ஒலிக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு சிறு புதிர் விளையாட்டைச் செய்து முடித்த வழியை இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ 4-ஐ நிறுவவும் புதிய காட்சியைத் தொடங்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன். இவ்வளவு சிறிய விளையாட்டுக்குக் கனமான மென்பொருள் எதுவும் வேண்டாம். கோடோ இலவசம், பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும். ஒரே ஒரு மணியோசையைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் தொடக்க மௌனத்தை முற்றிலும் வெட்டிவிடுங்கள். அது சிறிதளவு மிஞ்சினாலும் தட்டியதற்கும் ஒலிப்பதற்கும் இடையே தாமதம் தெரியும்.

அடுத்துப் புதிரின் விதி. பண்டைச் சீனர்கள் நரம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை மாறி மாறிக் கழித்தும் கூட்டியும் ஐந்து சுரங்களைப் பெற்றார்கள். முதல் சுரமான கோங் 81 என்றால் ஜீ 54, ஷாங் 72, யூ 48, ஜுவே 64. திரையில் ஒரு நரம்பு குறைவதையும் நீள்வதையும் பார்த்து, உருவில் ஒன்றுபோலிருக்கும் ஐந்து மணிகளில் சரியானதைக் காதால் தேடித் தட்ட வேண்டும்.

நான் ஒரு வார இறுதி முழுவதையும் இழந்தது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு மணியின் ஓசையையும் ஒலிக்கச் செய்யும் ஆடியோஸ்ட்ரீம்பிளேயரில், சுருதியை மாற்றும் பிட்ச் ஸ்கேலில் 54/81 என்று நீள விகிதத்தையே இட்டேன்; மேலே போக வேண்டிய சுரங்கள் எல்லாம் கோங்குக்குக் கீழே இறங்கி ஒலித்தன. நரம்பு குறுகினால் சுருதி உயரும் என்பதால் விகிதத்தைத் தலைகீழாக்க வேண்டும். 81-ஐ அந்தந்த நீளத்தால் வகுத்தால் கோங் 1, ஷாங் 1.125, ஜுவே 1.265625, ஜீ 1.5, யூ 1.6875 என்று வரும். வரிசையாகத் தட்டிப் பாருங்கள்: ச ரி க ப த என்று மோகனத்தின் ஆரோகணம் கேட்டால் எண்கள் சரி.

ஒரு பிளேயர் ஒரே நேரத்தில் எத்தனை ஓசைகளை ஒலிக்கலாம் என்பதைக் குறிக்கும் மேக்ஸ் பாலிஃபொனி இயல்பாக 1 என்றிருக்கும். அதை 4 ஆக்குங்கள். இல்லையேல் ஒரே மணியை மீண்டும் தட்டும்போது முந்தைய அதிர்வு பாதியில் அறுந்துவிடும். பக்கவாட்டுச் சுரத்துக்குத் சொடுக்கை உணரும் தனி ஏரியா2டி-யும் தனி பிளேயரும் வையுங்கள், ஏனெனில் ஒரே பிளேயரின் பிட்ச் ஸ்கேலை மாற்றினால் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஓசையும் சேர்ந்து மாறும். நடுச் சுரத்தின் எண்ணை 1.2-ஆல் பெருக்கினால் பக்கச் சுரம் கிடைக்கும்.

விடையைச் சரிபார்க்க, கோங், ஜீ, ஷாங், யூ, ஜுவே என்ற வரிசையை ஓர் அணியில் (array) வைத்து, ஒவ்வொரு தட்டலையும் அதனோடு ஒப்பிட்டால் போதும். பக்கச் சுரங்கள் இந்த வரிசையில் இல்லாததால் அவை தவறான தட்டலாகவே கொள்ளப்படும். தவறுக்கு எச்சரிக்கை ஒலி சேர்க்காதீர்கள். அந்த மணி முழுவதும் ஒலித்து அடங்கிய பின் நரம்பு மீண்டும் 81-க்குத் திரும்பட்டும், அந்த இடைவெளியில்தான் காது பழகுகிறது.

பின்சேர்க்கை: மணியைத் தட்டினால் எதுவும் நடக்கவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவரும் பின்னணிக்கு முழுத்திரைக் கலர்ரெக்ட் (நிறம் நிரப்பிய செவ்வகம்) வைத்திருந்தார்கள். அது சொடுக்குகளைத் தானே விழுங்கிவிடும், அதன் மவுஸ் ஃபில்டரை இக்னோர் என்று மாற்றுங்கள். உலாவியில் வெளியிடுவோர் முதல் திரையில் ஒரு தொடங்கு பொத்தானை அவசியம் வையுங்கள், ஆட்டக்காரர் ஒருமுறையாவது சொடுக்கும் வரை உலாவி முதல் கோங்கை ஒலிக்க விடாது.