சம்மன் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள், வாய்தாவிலிருந்து அல்ல

சிவில் வழக்கில் உங்களுக்கு வந்த சம்மனைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது வாய்தா தேதி. அதுவரை நேரம் இருக்கிறது என்று நினைத்து, அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் வக்கீலைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 8ஆவது கட்டளை, 1ஆவது விதி சொல்வது வேறு: சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கலாக வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து 90ஆவது நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். 30 போக இன்னொரு 90 என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் சேர்த்துத்தான் 90.

ஏப்ரல் 3 அன்று சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியரான அமீனா வந்து கையெழுத்து வாங்கிப் போனார் என்று வையுங்கள். அந்த நாள் கணக்கில் சேராது. ஏப்ரல் 4 முதல் நாள், மே 3 முப்பதாவது நாள். தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளுக்கு அது கோடை விடுமுறை. சரி, கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் அதற்கு வழிவிடுகிறது. ஆனால் மே மாதத்தையே மொத்தமாகக் கழித்துவிடுவார்கள், வம்பு அங்கேதான். நடுவில் வரும் விடுமுறைக்கு ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடையாது. இந்த வழக்கில் 90ஆவது நாள் ஜூலை 2. கோர்ட் எப்போது திறந்தாலும் அது ஜூலை 2தான்.

"நான் ஊரில் இல்லை, பையன்தான் வாங்கினான்" என்பதும் பெரும்பாலும் எடுபடாது. கூடவே குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தார் வாங்கினாலும் செல்லும்.

இடைக்காலத் தடை கேட்டு மனுவும் சேர்ந்து வந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மனுவுக்குக் கவுண்டர் (பதில் மனு) போட நீதிபதி ஒரு தேதி குறிப்பார். அவசரமாகக் கவுண்டரைத் தாக்கல் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எதிர்வழக்குரை தனி, அதன் 30 நாள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சாதாரண வழக்கில் 90 தாண்டினாலும், தகுந்த காரணம் காட்டினால் அரிதாகச் சில சமயம் கதவு திறக்கும். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வணிக வழக்கில் 120ஆவது நாளோடு சரி. அதற்கு மேல் எதிர்வழக்குரையை ஏற்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் கணக்கில் அது ஆகஸ்ட் 1.

அப்புறம், நீங்கள் வராமலே எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்ச) தீர்ப்பாணை ஆகிவிட்டால் அதை நீக்கக் கோரும் மனுவுக்கும் 30 நாள்தான். அது தீர்ப்பாணைத் தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படாதவருக்கு, அதாவது முறைப்படி சேர்ப்பிக்கப்படாதவருக்கு மட்டுமே, விஷயம் தெரிந்த நாளிலிருந்து.