யானைக்கால் நோய்க்கு ராத்திரியில் ரத்தம் எடுப்பது எப்படி?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இந்த நோயைத் தரும் பைலேரியா புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கிவிடும்; இரவு பத்துக்கு மேல்தான் தோலடி ரத்தத்துக்கு நிறைய வரும். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். 1877-இல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், நோயுள்ள தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்க வைத்து, அதன் உடலுக்குள் புழு வளர்வதைக் கண்டார்.

கும்பகோணம் பக்கம் பத்து மணிக்கு எத்தனையோ கதவுகளைத் தட்டியிருக்கிறேன். தூங்குகிற பிள்ளையைத் தாய் மடியிலேயே இருக்கவிடுங்கள். பாதி அழுகை அதில் அடங்கிவிடும்.

விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே குத்துங்கள். ஈரத்தில் குத்தினால் துளி நிற்காமல் வழிந்தோடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்ததில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து ஸ்லைடில் தடவுங்கள். படுக்கை வாட்டில் காயட்டும். எறும்பு, ஈ அண்டாமல் மூடுங்கள். ஒரு ராத்திரி உழைப்பையே அவை தின்றுவிடும்.

மறுநாள் சிவப்பு போகும்வரை தண்ணீரில் வைத்து, காயவிட்டு, மெத்தனாலில் நனைத்து, அப்புறம் ஜீம்சா சாயம்.

மைக்ரோஸ்கோப்பில் உறை போர்த்திய, அழகாக வளைந்த புழு தெரியும். வால் நுனியைப் பாருங்கள். அங்கே உட்கருப் புள்ளிகள் இல்லையென்றால் அது பாங்க்ராஃப்டி என்ற பைலேரியா வகை. இரண்டு புள்ளி தனித்து நின்றால் புரூஜியா மலாயி என்ற இன்னொரு வகை.