சிரட்டைக் கங்கில் ரோமானிய லிபம் சுடும் முறை

பண்டைய ரோமர்கள் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, வாந்தியெடுப்பதற்கென்றே கட்டிய 'வோமிட்டோரியம்' என்னும் அறைக்குச் சென்றார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சொல் உண்மையில் அரங்குகளில் கூட்டம் வந்துபோகும் வழியைத்தான் குறித்தது. எளிய ரோமரின் அன்றாட உணவு தானியக் கஞ்சி, ரொட்டி, பருப்பு, கீரை என்பதாகவே இருந்தது. தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பாட்டன்மாருக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. எனவே மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், வீட்டுப் பின்புறத்து விறகடுப்பிலேயே அவர்களுடைய பலகாரம் ஒன்றைச் சுட்டுப் பார்க்கலாம்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் 'லிபம்' செய்முறை இருக்கிறது: 2 ராத்தல் பாலாடைக்கட்டி, 1 ராத்தல் கோதுமை மாவு, 1 முட்டை. ரோமானிய ராத்தல் ஏறத்தாழ 327 கிராம்தான். நம் கடைகளில் முன்பு நிறுத்த ராத்தலைவிடச் சிறியது. பாதி அளவு செய்ய 325 கிராம் பாலாடைக்கட்டி, 165 கிராம் மாவு, ஒரு சிறிய முட்டை போதும்.

பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பசும்பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, காடியை (வினிகரை) சிறிது சிறிதாக ஊற்றித் திரையவைத்து, துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடவும். ரோமர்கள் குட்டியாட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையையோ அத்திமரப் பாலையோ பயன்படுத்தினார்கள். காடி நம் வசதிக்காக. பிறகு அதை உரலில் இட்டு, திப்பி சிறிதும் தெரியாதபடி இடிக்கவேண்டும். கேட்டோ முதலில் வற்புறுத்துவதே இதைத்தான். இங்கே அவசரப்பட்டால் பலகாரம் கல்லாகிவிடும். மாவையும் முட்டையையும் சேர்த்து மென்மையாகப் பிசைந்து உருட்டவும்.

அடியில் பரப்ப வேண்டியது மத்தியதரைக்கடல் பகுதியின் லாரல் இலை. பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது. பட்டை வாசம் ஏறிவிடும். லாரல் கிடைக்காவிட்டால் வாழையிலையைப் பரப்பலாம், ஆனால் அது நம் மாற்றம் என்று சொல்லிப் பரிமாறுவதே நேர்மை.

இலைமீது வைத்த உருண்டையைச் சூடேறிய மண்சட்டியால் கவிழ்த்து மூடி, சட்டியின் மேலும் சுற்றிலும் சிரட்டைக் கங்கைப் பரப்பி, மேல்புறம் பொன்னிறமாகும்வரை மெல்லச் சுடவும். மலாய்க்காரர்கள் 'பாவுலு' என்னும் முட்டைப் பலகாரத்தைச் சுடுவதும் மேலும் கீழும் தணல் வைத்துத்தான். மின்னடுப்பில் (ஓவனில்) 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 40 நிமிடம் ஆகும்.

சுட்டபின் தேன் ஊற்றுவோர் உண்டு. கேட்டோவின் லிபத்தில் தேன் இல்லை. மிளகாய்ச் சம்பலையும் அருகில் வைக்கவேண்டாம், மிளகாய் 1492க்குப் பிறகே அமெரிக்காவிலிருந்து வெளியே வந்தது. ஆறினால் இறுகும் பலகாரம் இது. சூடாக இருக்கும்போதே வெட்டிக் கொடுக்கவும்.