முதலில் சட்டி, பிறகுதான் தொட்டி

மாரி முடிந்து தை பிறந்ததும் எங்கள் நாற்றுமேடைக்கு வருகிறவர்களில் பலர் ஒரே குறையோடுதான் வருகிறார்கள். பெரிய சீமெந்துச் சாடியில் ஐந்தாறு பூக்கன்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். மழையில் இரண்டு அழுகியிருக்கும். ஒன்று மற்றவற்றை மூடி வளர்ந்திருக்கும். நடுவில் வெறும் மண் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு கன்று வேண்டும் என்பார்கள். கொடுத்துவிடலாம். ஆனால் அங்கே கிண்டும்போது பக்கத்துச் செடியின் வேர் அறுந்து, அடுத்த கிழமை அதற்கும் ஒரு கன்று வாங்க வருவார்கள். எனக்கு வியாபாரம் நல்லதுதான். இருந்தாலும் மனம் கேட்பதில்லை.

கிளிநொச்சி வட்டக்கச்சியில் பூக்கன்று விற்கிறேன். கல்யாண வீடுகளுக்கும் பாடசாலை விழாக்களுக்கும் தொட்டியோடு வாடகைக்குக் கொடுப்பதும் உண்டு. காலையில் ஒரு நிறத்தில் போன தொட்டி, மறுநாள் வேறு வீட்டுக்கு வேறு நிறத்தில் போகவேண்டியிருக்கும். அப்படி மாற்றுவதற்கான வழி எளிது: அழகுத் தொட்டிக்குள் எதையும் நடக் கூடாது. ஒவ்வொரு செடியும் தன் சொந்தச் சட்டியில் இருக்கவேண்டும். சட்டிகளைத் தொட்டிக்குள் நெருக்கி அடுக்கி, இடைவெளியைத் தேங்காய்த் தும்பால் நிரப்பி, வாய் விளிம்புகளை மூடிவிட்டால், பார்க்கிறவருக்கு ஒரே பாத்தியாகத்தான் தெரியும். வாடியதைத் தூக்கி எடுத்து, தயாராக நிற்கும் இன்னொன்றை அந்தக் குழிக்குள் இறக்கலாம். பக்கத்துச் செடிக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் வன்னிப் பகுதிக்கு இது ஆடம்பரம் அல்ல. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை சாடியை நனைத்துக்கொண்டே இருக்கும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் வெயிலும் இலையைக் கருக்கும். இரண்டுக்கும் ஈடுகொடுத்து, ஆண்டு முழுவதும் முகம் கோணாமல் நிற்கும் பூக்கன்று மிகக் குறைவு. செடியை மாற்றத்தான் போகிறீர்கள். அதற்கு ஏற்றபடி தொட்டியை முதலிலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கடையில் கண்ட அழகான சாடியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்குள் என்ன அடங்கும் என்று யோசிக்கிறார்கள். நீங்கள் சட்டியின் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். என் அளவு வாய் 7 அங்குலம். அதில் ஏறக்குறைய 3 லீற்றர் மண் பிடிக்கும். நனைந்த பின் 4 கிலோ வரை வரும். ஒரு கையால் தூக்கலாம். 10 அங்குலத்துக்குப் போனால் இடுப்புப் பிடிக்கும். 5 அங்குலத்துக்கு இறங்கினால் சித்திரை வெயிலில் ஒரே பகலில் மண் காய்ந்துவிடும். எந்த அளவை எடுத்தாலும் வீட்டில் உள்ள எல்லாச் சட்டிகளும் அதே அளவாக இருக்கட்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு அளவு கலந்தால், எடுத்த குழிக்குள் அடுத்தது இறங்காது; மாற்றுகிற வசதியே போய்விடும்.

காசு கொடுத்துச் சட்டி வாங்கத் தேவையில்லை. 4 லீற்றர் பெயின்ற் வாளியைவிட வசதியான உட்சட்டியை நான் இதுவரை காணவில்லை. கைபிடியோடு வருகிறது, கைபிடியைக் கீழே மடித்துவிட்டால் வெளியே தெரியாது. அதைச் சட்டியாக எடுப்பதென்றால் எல்லாம் அதுவாகவே இருக்கவேண்டும். சூடான கம்பியால் அடியில் நான்கு துளையும், பக்கச் சுவரில் அடியோடு ஒட்டினாற்போல் நான்கு துளையும் போடுங்கள். அடித்துளை மட்டும் இருந்தால், வாளி தட்டையான தரையில் உட்காரும்போது அது அடைபட்டுவிடும். கறுப்புப் பொலித்தீன் பையில் நிற்கும் கன்றை அப்படியே தொட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் தூக்கும்போது பை சரிந்து மண் உடையும், வேரும் உடையும்.

வட்டச் சாடிதான் வேண்டும் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே அளவான மூன்று சட்டிகள் அடங்க, சாடியின் உள்விட்டம் சட்டி வாயைப்போல 2.15 மடங்குக்குச் சற்று மேலே இருக்கவேண்டும். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு வைக்க, சரியாக மூன்று மடங்கு. ஆக 7 அங்குலச் சட்டி மூன்றுக்கு 15 அங்குலம் மயிரிழையில் தவறும், 16 எடுங்கள். ஏழுக்கு 21 என்பது வெறும் கணக்கு. விரல் நுழைய இடம் விட்டு 23 எடுங்கள். பல சாடிகள் கீழே ஒடுங்கும். அதனால் சட்டியின் வாய் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் நாடாவைப் பிடித்து அளக்கவேண்டும். சாடியின் வாயில் அளந்து ஏமாறாதீர்கள்.

எனக்கு நீள்சதுரத் தொட்டிதான் பிடிக்கும். என் தம்பி மேசன். அவர் வார்ப்பது உள்ளளவில் 48 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 9 அங்குல ஆழம். ஆறு சட்டிகள் ஒரே வரிசையில், கைவிட இடத்தோடு நிற்கும். ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், நடுவே கோழிக்கூட்டுக் கம்பி வலை, ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் ஊறவிடவேண்டும். காய்ந்த பின்னும் 75 கிலோவுக்குக் குறையாது. ஆகவே விறாந்தைக்கு முன்னால் எங்கே நிற்கவேண்டுமோ அங்கேயே வார்ப்பது உத்தமம். புதுச் சீமெந்திலிருந்து ஊறும் சுண்ணாம்பு, நேரடியாக நட்ட செடிகளை வாட்டும். வேர் தன் சட்டிக்குள் இருப்பதால் இங்கே அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. இரண்டு மூன்று முறை நீர் நிரப்பி வெளியேற்றினால் போதும்.

நீர் வெளியேறும் துளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் தொட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது. துளையை அடித்தளத்தில் போடாதீர்கள். முன்சுவரின் காலடியில், உட்தளத்தோடு சமமாக, நான்கு போடுங்கள். தளத்தை முன்பக்கம் அரை அங்குலம் சாய்த்துப் பூசவேண்டும். முக்கால் அங்குலக் குழாய்த் துண்டுகளில் எண்ணெய் தடவி, வார்க்கும்போதே சாந்துக்குள் செருகி, சாந்து இறுகத் தொடங்கும் நேரத்தில் திருகித் திருகி உருவி எடுப்பார் தம்பி. குழாயை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். குழாயின் தடிப்பு தளத்தின் மேல் ஒரு சின்ன வரம்பாக நிற்கும். அந்த வரம்புக்குப் பின்னால் மெல்லிய படலமாக நீர் தேங்கும். நுளம்புக்கு அது தாராளம். முன்பக்கத்தில் துளை இருந்தால் இன்னொரு நன்மை: அடைத்திருக்கிறதா என்று ஈர்க்குக் குச்சியால் குத்திப் பார்த்துவிடலாம், தொட்டியைப் புரட்ட வேண்டியதில்லை.

டெங்கு பரப்பும் நுளம்பின் முட்டை காய்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, முதல் மழை நீர் பட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து ஏழு முதல் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும். ஆகவே மாரியில் கிழமைக்கு ஒருமுறை துளைகளைக் குத்துங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்தால் அவர் கண் முதலில் போவது பூச்சாடித் தட்டுக்குத்தான்.

மரத்தொட்டி விரும்புகிறவர்கள் பழைய கூரையில் இருந்து கழற்றிய பனஞ்சலாகை கிடைத்தால் விடாதீர்கள். முற்றிய பனை வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. மற்ற மலிவுப் பலகையெல்லாம் எங்கள் மண்ணில் அடுத்த மாரியைக் காணாது. எந்தத் தொட்டியானாலும் செங்கல் துண்டுகளின் மேல் நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். கறையான் மண்கோடு போட்டு ஏறினாலும் அந்த இடைவெளியில் கண்ணில் பட்டுவிடும்.

இனி அடுக்குவது. தளத்தில் ஒரு அங்குலத்துக்குத் தேங்காய்ப் பொச்சைப் பரப்புங்கள். அதன் மேல் சட்டிகளை வைத்தால், வாய் விளிம்பு தொட்டியின் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். குட்டைச் செடியை உயர்த்த அடியில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அது நுளம்புத் தொட்டி. பிறகு இடைவெளிகளில் ஈரமான தும்புத்தூளைத் தளர்வாகப் போடுங்கள். இடித்து இறுக்கினால் சட்டி மேலே வராது. கரையோரப் பகுதிகளில் இருந்து வரும் தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும்; முதலில் கழுவிப் பிழியுங்கள். கடைசியாக ஒரு பிடி கரடான தும்பைத் தூவி விளிம்புகளை மறைத்துவிடுங்கள். இந்தத் தும்புச் சுவர் அழகுக்கு மட்டுமல்ல. வெயிலில் தனியாக நிற்கும் சட்டியின் பக்கச் சுவர் சுட்டு, அதை ஒட்டிய வேர்கள் வெந்துபோகும். தொட்டிக்குள் அந்தச் சூடு வேரை எட்டுவதில்லை. நீரும் குறைவாகவே செலவாகும்.

ஆனால் ஈரத் தும்பு கிடைத்தால் வேர் சும்மா இருக்காது. துளை வழியே வெளியே வந்து தும்புக்குள் ஓடிவிடும். அப்படி ஓடிய சட்டியைப் பிடுங்குவதும் நேரடியாக நட்டதைப் பிடுங்குவதும் ஒன்றுதான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொரு சட்டியையும் இருந்த இடத்திலேயே அரைச்சுற்றுத் திருப்பிவிடுங்கள். வெளியே வந்த மெல்லிய வேர்கள் அறுந்துவிடும்; செடியும் எல்லாப் பக்கமும் வெயில் காணும்.

மண் கலவையில் நான் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. செம்மண், நன்கு மக்கிய மாட்டெரு, கழுவிய தும்புத்தூள் அல்லது கரியாக்கிய உமி, மூன்றும் சம பங்கு. சட்டியின் அடியில் கிரவல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்கிறார்கள். வடியாது. நுண்ணிய மண்ணில் இருக்கும் நீர், பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் இலகுவில் இறங்காமல், மண்ணின் அடிப்பகுதியிலேயே தேங்கி நிற்கும். கல் போட்டால் அந்தச் சேற்றுப் பகுதி வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது. மண் ஒழுகாமல் இருக்கத் துளையின் மேல் கொஞ்சம் தும்பு போதும்.

என்ன வைப்பது என்பது அவரவர் விருப்பம். இருந்தாலும் ஆறு சட்டியில் ஆறு நிறம் வைத்து, படலையில் நின்று பார்க்கிறவருக்குத் தோரணம்போலக் காட்டுவதை என்னால் பொறுக்க முடியாது. ஒரு பூ நிறம், அதற்கு ஈடாக இலை நிறம் ஒன்று, அவ்வளவும் போதும். வட்டச் சாடி என்றால் சுவர்ப் பக்கம் உயரமானது, முன்பக்கம் வழிந்து தொங்குவது. மழைக்காலத்தில் குறோட்டனும் கோலியஸும்தான் என் நம்பிக்கை. பத்துமணிப் பூவை அப்போது எடுத்து விறாந்தை ஓரத்தில் வைத்துவிடுவேன்; வெயில் இல்லாவிட்டால் அது கண் திறக்காது, தண்டும் அழுகும். தைப்பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் சீனியாவைக் கார்த்திகைத் தொடக்கத்திலேயே கூரைக்குக் கீழே விதைக்கவேண்டும். விதைத்து எட்டுக் கிழமை அளவில்தான் அது பூக்கும். கோழிக்கொண்டைக்கு இன்னும் கொஞ்சம் முந்துங்கள். வற்றாப்பளைப் பொங்கல் காலத்துக்கு, அதாவது வைகாசி வெயிலுக்கு, பத்துமணி, பட்டிப்பூ, அடினியம், போகன்வில்லா. சோளகம் வீசத் தொடங்கினால் உயரமானவற்றை எடுத்துவிட்டு மருளையும் கற்றாழையையும் இறக்குங்கள்.

தனித்தனிச் சட்டி என்பதால் தாகம் வேறுபட்ட செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். அடினியத்துக்குப் பக்கத்தில் கோலியஸ் என்றால், அடினியம் நிற்கும் சட்டியைச் சிரட்டை மேல் உயர்த்தி, அதைச் சுற்றித் தும்புத்தூளுக்குப் பதில் காய்ந்த பொச்சைத் திணியுங்கள். எக்ஸோராவைப் பற்றி அடிக்கடி முறைப்பாடு வருகிறது: இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதாம். எங்கள் கிணறுகள் பலவற்றில் நீர் சுண்ணாம்பு நீர். சட்டியில் வெள்ளை படிவதைப் பார்த்தால் தெரியும். அந்த நீரில் எக்ஸோராவால் மண்ணில் உள்ள இரும்பை எடுக்க முடியாது. பீப்பாயில் மழைநீர் பிடித்து அதற்கென்று வைத்திருங்கள். பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் கட்டிவிடுங்கள்.

காட்சிக்கு ஆறு சட்டி என்றால் பின்னால் இன்னும் ஆறு சட்டியாவது இருக்கவேண்டும். கிணற்றடி மாமர நிழல் அதற்கு நல்ல இடம். பூத்து ஓய்ந்ததைக் கத்தரித்து, எருவிட்டு, அங்கே ஆறப் போடுங்கள். போகன்வில்லாவை மட்டும் நிழலில் வைக்கவேண்டாம். வெயிலில் நிறுத்தி, நீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளும்வரை விட்டால்தான் அது பூ எடுக்கும்.

கட்டாக்காலி மாடுகள் சுற்றும் ஊர் என்றால் இரவில் தொட்டியைக் காவல் காக்க முடியாது. மாட்டுக்குப் பிடித்த சட்டிகளை மட்டும் பொழுதுபட்டதும் தூக்கி விறாந்தைக்குள் வையுங்கள். குறோட்டனையும் அடினியத்தையும் அது மோந்துவிட்டுப் போய்விடும். சீனியாவைத் தின்னாமல் போகாது.