சம்பளக் கோரிக்கை எழுதப்போகும் விமானப் பணிப்பெண்களுக்கு, பால்மரம் வெட்டிய ஒருத்தி சொல்வது

போன தீபாவளிக்கு மறுநாள் என் தம்பி மகள் இடிஎஸ் விரைவு ரயிலில் மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வந்து இறங்கினாள். விமானப் பணிப்பெண், வேலைக்குப் போய் நாலு வருஷம். முறுக்குத் தட்டை ஒதுக்கிவிட்டுச் சம்பளச் சீட்டை மேசையில் விரித்தாள். "அத்தை, சங்கத்துல கோரிக்கை எழுதுற குழுவுல என்னையும் போட்டுட்டாங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

நான் 19 வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவள். அதில் 11 வருஷம் சங்கத்தின் தோட்டத்துக் கிளைச் செயலாளர். விமானத்தில் ஏறியது இரண்டே தடவை. ஆனாலும் அந்தச் சீட்டில் எனக்குப் புரியாதது ஒன்றும் இல்லை. அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், மீதியெல்லாம் பறந்தால்தான் காசு. எங்களுக்கு மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இவளுக்குப் பறக்கும் பட்டியலில் பெயர் விழாவிட்டால் படி, அதாவது பறந்த நேரத்துக்குத் தரும் காசு, இல்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோரிக்கையை அப்புறம் எழுதலாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு மாதம், ஒரு நாள் விடாமல், நேரத்தைக் குறியுங்கள். "விடியற்காலை", "கொஞ்ச நேரம்" என்றெல்லாம் எழுதக்கூடாது. மணி, நிமிடம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்: பெரட்டு (காலையில் பெயர் கூப்பிடுவது) எத்தனை மணி, கடைசி மரம் எத்தனை மணி, வாளியோடு நிறுவைக் கொட்டகையில் எவ்வளவு நேரம் நின்றோம். நின்ற நேரம் மட்டும் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் வந்தது. எழுதிப் பார்க்கும்வரை எங்களுக்கே அது தெரியாது.

அவள் நோட்டிலிருந்து ஒரு நாள். கோத்தா கினபாலு போய்த் திரும்பும் வேலை. 4.50க்கு வருகைப் பதிவு. விளக்கக் கூட்டம், விமானத்துக்குப் போகும் பஸ், பாதுகாப்புச் சாமான்களைச் சரிபார்ப்பது, பயணிகளை ஏற்றுவது, மேலே வைக்க இடமில்லாத பெட்டிக்கு இடம் தேடுவது. 6.20க்குச் சக்கரக் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்தது. 8.55க்கு அங்கே. குப்பை பொறுக்கி, இருக்கைப் பட்டையை மடித்து வைத்து, அடுத்த கூட்டத்தை ஏற்றி 9.45க்குக் கிளம்பி 12.20க்குத் திரும்பினாள். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தது 12.50.

உழைத்தது எட்டு மணி நேரம். பறக்கும் படி கிடைத்தது 5 மணி 10 நிமிடத்துக்கு. மீதி 2 மணி 50 நிமிடத்தை அவள் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தாள். ஒரு மாதச் சிவப்பைக் கூட்டி, குழுவில் பத்துப் பேர் நோட்டையும் பக்கத்தில் வைத்தால், கோரிக்கையின் முதல் பக்கம் தயார்.

இதே சிவப்புக் கணக்குதான் 2025 ஆகஸ்டில் கனடாவில் தெருவுக்கு வந்தது. ஏர் கனடாவின் 10,000க்கும் மேற்பட்ட பணியாளர்கள் ஆகஸ்ட் 16ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். தரையில் செய்யும் வேலைக்கும் சம்பளம் கொடு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. அரசாங்கம் வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டது. சங்கம் அதை மீறி நின்றது. 19ஆம் தேதி உடன்பாடு வந்தது. சிறிய விமானம் என்றால் 60 நிமிடம், பெரியது என்றால் 70 நிமிடம் தரை வேலைக்கும் சம்பளம்; அது மணிச் சம்பளத்தில் பாதியிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் சம்பள உயர்வுப் பகுதியை உறுப்பினர்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு அந்தச் சுலோகத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். அங்கே மணிக்கணக்குச் சம்பளம். உங்களுக்கு அடிப்படைச் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது. "தரை வேலை அதிலேயே அடக்கம்" என்று நிர்வாகம் சொல்லும். சொல்லட்டும். உடனே அந்த அடிப்படையை எடுத்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். 2025லிருந்து அது 1,700 வெள்ளி (ரிங்கிட்). இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது? அந்தத் தொகைக்குத்தான் மாதம் முழுக்கத் தரை வேலை செய்கிறீர்கள்.

அதனால் என் கருத்தில் பெரிய சண்டை அடிப்படைச் சம்பளத்துக்குத்தான், படிக்கு அல்ல. இதில் என் தம்பி மகளுக்கும் எனக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கையில் வரும் காசு பெரிது. சரி, கணக்குப் பார்ப்போம். 500 வெள்ளியைப் பயணப் படியாக வாங்கினால் ஊழியர் சேமநிதிக்கு ஒரு சென் போகாது. அதையே அடிப்படையில் சேர்த்தால் உங்கள் 11 விழுக்காடு 55 வெள்ளி பிடிப்பார்கள். சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தால் முதலாளி 13 விழுக்காடாக 65 வெள்ளி தன் கையிலிருந்து போடவேண்டும். அது கிடக்கட்டும், கர்ப்பமானால்? பேறுகால விடுப்பு இப்போது 98 நாள். பறக்காத நாளில் பறக்கும் படி ஏது? அடிப்படை மட்டும்தான் வீட்டுக்கு வரும். அப்போதுதான் அவள் பேசாமல் முறுக்கை எடுத்தாள்.

அடுத்தது, சங்கமும் நிறுவனமும் முன்பு போட்ட கூட்டு ஒப்பந்தத்தை வரி விடாமல் படிப்பது. அலுப்பான வேலைதான், ஆனால் பாம்பு அங்கேதான் சுருண்டு கிடக்கும். பியாட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கைத் தேடிப் படியுங்கள். மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண். கர்ப்பமானால் ராஜினாமா செய்யவேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. 1991இல் அவர் கர்ப்பமானார், ராஜினாமா செய்ய மறுத்தார், வேலை போனது. 2005இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம்வரை போயும் கைகொடுக்கவில்லை. அரசியலமைப்பின் சம உரிமை, சங்கமும் நிறுவனமும் போட்ட ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வரிக்குக் கீழே ஒரு சங்கத்தின் கையெழுத்தும் இருந்தது என்பதை மறக்காதீர்கள். இன்றைய வேலைச் சட்டம் கர்ப்பத்தைக் காட்டி நீக்குவதைத் தடுக்கிறது. இருந்தாலும் எடை, வயது, பதவி என்று வேறு என்னென்ன வரி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேட்கக்கூடாதவையும் உண்டு. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள் எடுப்பது, நீக்குவது, யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் நிர்வாகத்தின் உரிமை என்று 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. "இன்னாரை மேற்பார்வையாளர் ஆக்கு" என்று எழுதினால் அந்த வரியைக் காட்டியே மற்றதையும் இழுத்தடிப்பார்கள். சங்கத்துக்கு நிர்வாகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பேச்சுவார்த்தைக்கு அழைக்கவே முடியாது.

வேலைநிறுத்தம் பற்றிக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கத்துவார்கள். விமானப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் இருக்கிறது. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழியவேண்டும், தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் வேலையை நிறுத்தவே கூடாது. 1979இல் மலேசிய விமான நிறுவனத் தகராறில் சங்கத்துக்காரர்களை, விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனதை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. அந்தச் சட்டம் இப்போது இல்லை. ஆனாலும் கத்துகிறவரிடம் சிவப்புப் பேனா நோட்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, கடிதம். பேச்சுவார்த்தைக்கு அழைத்து எழுதினால் நிர்வாகம் 14 நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். ஒத்துக்கொண்டால் 30 நாளுக்குள் உட்காரவேண்டும். பதில் வராவிட்டால் தொழில் உறவுத் துறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை நான் கடிதத்தைக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) மேசையில் வைத்துவிட்டு நம்பி வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, "கடிதமா? எந்தக் கடிதம்?" என்றார் மேனேஜர். மறுபடி முதலிலிருந்து. ஆகவே இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் விழும்வரை அந்த அறையை விட்டு நகராதீர்கள். எத்தனை மணிக்கு வாங்கினார்கள் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.