சிலிண்டர் டிஸ்க்கும் உருகு பிளக்கும்: லாட் சோதனையைச் சரியாகச் செய்யும் முறை

வாயு சிலிண்டரில் அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து வாயுவை வெளியே விடும் மெல்லிய உலோகத் தகடு ரப்சர் டிஸ்க்; சூடு மீறினால் உருகித் திறப்பது உருகு பிளக். ரப்சர் டிஸ்க்கைச் சோதித்தால் அது கிழிந்துபோகும். உருகு பிளக்கைச் சோதித்தால் ஈயக்கலவை உருகி வழிந்துவிடும். ஆகவே சிலிண்டரில் ஏறி உட்காரும் டிஸ்க் எதுவும் ஒருபோதும் சோதிக்கப்பட்டதில்லை. அதன் உடன்பிறப்புகள்தாம் சோதிக்கப்பட்டவை. "கிழித்துப் பார்த்த இந்த நாலும் எப்படியோ, பெட்டியில் இருக்கும் மற்றவையும் அப்படியே" என்ற ஒரே நம்பிக்கையில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை, லாட்டை (ஒன்றாகக் கருதிச் சோதிக்கும் தொகுதியை) எப்படிப் பிரித்தீர்கள் என்பது. சோதனை மேசையில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், லாட் தவறாகப் பிரிக்கப்பட்டிருந்தால் பயனில்லை.

லாட் என்பது எது

ஒரே நாளில் செய்தவை என்பதாலோ, ஒரே ஆர்டருக்குப் போகிறவை என்பதாலோ அது ஒரு லாட் ஆகிவிடாது. டிஸ்க் என்றால், ஒரே உருக்கு எண் (ஒரே முறை உருக்கியதற்கான அடையாள எண்) கொண்ட உலோகம், ஒரே காயில் (தகட்டுச் சுருள்), ஒரே அனீலிங் சுற்று (சூடாக்கி மென்மையாக்குவது), ஒரே டை (வெட்டும் அச்சு), ஒரே அளவு, ஒரே மதிப்பழுத்தம் (டிஸ்க் கிழிய வேண்டியதாகக் குறித்த அழுத்தம்). இவற்றில் ஒன்று மாறினாலும் புது லாட். காயில் முடிந்து அடுத்த காயிலை ஏற்றிய கணத்தில் பழைய லாட் முடிந்தது. மீதமிருக்கும் 40 டிஸ்க்குகளுக்காகத் தனியாகச் சோதிப்பது வீண் என்று தோன்றினாலும் தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

காரணம் எளிது. டிஸ்க் கிழியும் அழுத்தம் தகட்டின் தடிமனுக்கும் இழுவலிமைக்கும் நேர் விகிதம், துளையின் விட்டத்துக்கு எதிர் விகிதம். தகடு 0.1 மி.மீ. என்றால் 5 மைக்ரான் வித்தியாசமே 5 விழுக்காடு அழுத்த மாற்றம். செம்புத் தகடு சற்றே கூடுதலாக அனீல் ஆகியிருந்தால் இழுவலிமை இறங்கும், கிழியும் அழுத்தமும் கூடவே இறங்கும். கண்ணுக்கு இரண்டு தகடும் ஒன்றுபோலவே இருக்கும்.

உருகு பிளக்கில் கலவையின் வார்ப்பு எண்தான் முதல் அடையாளம். அதோடு பிளக் உடலின் லாட், உள்ளே ஈயம் பூசிய முறை, ஊற்றிய நாள். ஒரே கலவையை இரண்டு பானைகளில் உருக்கி ஊற்றினால் அவை இரண்டு லாட்.

எத்தனை சாம்பிள்

ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிகளில் டிஸ்க்குக்கு ஒரு லாட்டிலிருந்து குறைந்தது 2. குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த 2-ஐயும் கிழிக்க வேண்டும். ஒரு வெப்பநிலை வரம்பு முழுவதற்கும் டிஸ்க்கைத் தகுதிப்படுத்துகிறீர்கள் என்றால், வரம்பில் பரவிய 4 வெவ்வேறு வெப்பநிலைகளில் குறைந்தது 4, அதுவும் லாட்டில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல். பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 4126-2 லாட்டின் அளவைப் பொறுத்து ஏற்றுகிறது: 10-க்குக் குறைவாக இருந்தால் 2, 10 முதல் 15 வரை 3, 16 முதல் 30 வரை 4, 31 முதல் 100 வரை 6. அதற்கு மேல் 250 வரை 4 விழுக்காடு (6-க்குக் குறையாமல்), 1000 வரை 3 விழுக்காடு (10-க்குக் குறையாமல்). 400 டிஸ்க் கொண்ட லாட்டில் 12-ஐக் கிழிக்க வேண்டும். ஆர்டரில் எழுதியிருக்கும் தரநிலை எதுவோ, அதன் எண்ணிக்கையைத்தான் பின்பற்ற வேண்டும். இரண்டிலிருந்தும் வசதியானதை எடுத்துக் கலக்கக் கூடாது.

இந்த எண்ணிக்கை உங்களுக்கு எவ்வளவு காப்பு தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பத்தில் ஒன்று கெட்டது என்ற அளவுக்கு ஒரு பெரிய லாட் மோசமாக இருந்தாலும், எடுத்த 2 சாம்பிளும் நல்லவையாக அமைந்துவிடும் வாய்ப்பு 81 விழுக்காடு. 6 எடுத்தாலும் 53. சாம்பிள் சோதனை அங்குமிங்கும் கலந்து கிடக்கும் கெட்ட டிஸ்க்குகளைப் பிடிக்காது. லாட் முழுவதுமே விலகியிருந்தால்தான் பிடிக்கும். லாட் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

சாம்பிளைப் பெட்டியின் மேலிருந்து எடுக்காதீர்கள். உருட்டிய தகடு நடுவில் சற்றுத் தடிமனாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருப்பது வழக்கம். காயிலின் தொடக்கம், நடு, முடிவு, அகலத்தில் ஓரம், நடு என எல்லா இடத்திலிருந்தும் வருமாறு எடுங்கள். அழகாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்குவது சாம்பிள் எடுப்பதே அல்ல.

ஏற்பு வரம்பு: பலரும் சறுக்கும் இடம்

பொதுவான ரப்சர் டிஸ்க்குக்கு ஏஎஸ்எம்இ அனுமதிப்பது, குறித்த அழுத்தம் 40 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) மேல் என்றால் ±5 விழுக்காடு. 40 வரை ±2 பிஎஸ்ஐ. சிலிண்டர் டிஸ்க்கின் கணக்கு வேறு. அமெரிக்கப் போக்குவரத்து விதி 3ஏ, 3ஏஏ, 3ஏஎல் வகைச் சிலிண்டர்களில் சிஜி-1 (டிஸ்க் மட்டும்), சிஜி-4, சிஜி-5 (டிஸ்க்கும் உருகு பிளக்கும் சேர்ந்தவை) சாதனங்களின் டிஸ்க், சிலிண்டரின் டெஸ்ட் பிரஷரில் (சிலிண்டரையே சோதிக்கும் அழுத்தத்தில்) கூட்டல் பூஜ்யம், கழித்தல் 10 விழுக்காட்டுக்குள் கிழிய வேண்டும் என்கிறது. மேலே ஒரு பிஎஸ்ஐ கூட இடமில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3ஏஏ2015 சிலிண்டரின் பணி அழுத்தம் 2015 பிஎஸ்ஐ. டெஸ்ட் பிரஷர் அதன் 5/3 மடங்கு, 3360. டிஸ்க் 3024-க்கும் 3360-க்கும் இடையில் கிழிய வேண்டும். அதே 3360 என்று குறித்த டிஸ்க்கை ±5 விழுக்காட்டில் ஏற்றுக்கொண்டால் 3528-இல் கிழிவதும் பாஸ் ஆகிவிடும். சிலிண்டரையே சோதித்த அழுத்தத்தைத் தாண்டிய பிறகு திறக்கும் டிஸ்க் அது. சான்றிதழில் "பாஸ்" என்று இருந்தாலும் எந்த வரம்பில் பாஸ் என்று பாருங்கள்.

கீழ் வரம்புக்கும் காரணம் உண்டு. 55 டிகிரி செல்சியஸில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் பணி அழுத்தத்தின் 5/4 மடங்கைத் தாண்டக் கூடாது. நம் சிலிண்டரில் அது சுமார் 2519. வெயிலில் நின்ற சிலிண்டர் 2519-ஐத் தொடும்போது டிஸ்க் பொறுத்துக்கொள்ள வேண்டும், நிரப்பி, காலியாக்கி, மறுபடி நிரப்பும் ஆண்டுகளின் களைப்பையும் தாங்க வேண்டும். 3024-ஐ ஒட்டியே எல்லாச் சாம்பிளும் கிழிகின்றன என்றால் விதிப்படி பாஸ்தான்; ஆனாலும் அந்த லாட் சீக்கிரம் களைத்துக் கசியும். உற்பத்தியில் குறி 3190-ஐச் சுற்றி இருக்கட்டும்.

கிழிப்புச் சோதனை

டிஸ்க்கைத் தனியாகச் சோதிக்காதீர்கள். அது பணியில் எந்த உடலில், எந்த கேஸ்கெட்டோடு, எந்த டார்க்கில் (முறுக்கி இறுக்கும் அளவில்) உட்காருமோ, அதே அமைப்பில் சோதியுங்கள். கிழியும் அழுத்தத்தைத் தகடு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது படுத்திருக்கும் துளையின் விளிம்பும் தீர்மானிக்கிறது. விளிம்பு கூராக இருந்தால் தகடு அங்கே வெட்டுப்பட்டு முன்கூட்டியே போகும். சோதனை ஹோல்டரை (டிஸ்க்கைப் பிடித்துவைக்கும் உடலை) பல நூறு முறை பயன்படுத்தினால் விளிம்பு மழுங்கி, டிஸ்க் உள்ளதைவிட வலிமையாகத் தெரியும். ஹோல்டரின் துளை விட்டத்தையும் விளிம்பு ஆரத்தையும் முறைவைத்து அளந்து பதிவு செய்யுங்கள்.

தண்ணீரில் சோதிப்பது நல்லது. காற்றிலோ நைட்ரஜனிலோ சோதித்தால் குழாயில் சேரும் ஆற்றல் தகட்டுத் துண்டுகளைத் தோட்டாபோல் எறியும். தண்ணீரிலும் ஒரு எஃகுக் கூண்டு வேண்டும். நிரப்பும்போது காற்றுக் குமிழ்களை முழுவதும் வெளியேற்றுங்கள். ஹோல்டரின் வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்துத் தண்ணீர் வழிந்த பிறகு டிஸ்க்கைப் பூட்டினால் குமிழ் தங்காது.

கேஜ் ஹோல்டருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். எதிர்பார்க்கும் மதிப்பு அளவுகோலின் நடுப்பகுதியில் விழும்படி கேஜைத் தேர்ந்தெடுங்கள். 3360-க்கு 6000 பிஎஸ்ஐ கேஜ் பொருந்தும். உச்ச அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் டிரான்ஸ்டியூசர் (மின்னணு அழுத்த உணரி) இருந்தால் இன்னும் நல்லது. காரணம், பிளஞ்சர் பம்பு ஒவ்வொரு அடிக்கும் ஒரு துடிப்பு கொடுக்கும். முள் 3100 காட்டும்போது துடிப்பின் உச்சியில் 3250 வந்து டிஸ்க் கிழிந்திருக்கலாம். உங்கள் தாளில் 3100 என்று ஏறும். பம்புக்கும் ஹோல்டருக்கும் நடுவே ஒரு ஊசி வால்வும் சிறிய அக்குமுலேட்டரும் (துடிப்பை உள்வாங்கும் கலன்) போட்டால் துடிப்பு அடங்கும்.

ஏற்றும் வேகம்: மதிப்பழுத்தத்தின் 85 விழுக்காடு வரை வேகமாகப் போகலாம். நம் டிஸ்க்குக்கு அது 2856. அங்கே குறைந்தது 30 விநாடி நிறுத்துங்கள். அதன் பிறகு நிமிடத்துக்கு 100 பிஎஸ்ஐ-க்கு மிகாமல். மிச்சமுள்ள 504 பிஎஸ்ஐ-க்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு டிஸ்க்குக்கு ஐந்து நிமிடமா என்று நினைத்து வேகம் கூட்டுவதுதான் எண்கள் சிதறுவதற்கு முதல் காரணம். நிறுத்தும் 30 விநாடியில் முள் மெல்ல இறங்கினால் கேஸ்கெட் கசிகிறது, அல்லது டிஸ்க் பிடியிலிருந்து வழுகுகிறது. அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அறை வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

கிழிந்த டிஸ்க்கைத் தூக்கி எறிவதற்கு முன் பாருங்கள். எண்ணைவிட அதிகம் சொல்லும். நடுவில் பிளந்து இதழ்களாக விரிந்திருந்தால் இழுவலிமையால் முறையாகக் கிழிந்தது. சுற்றுவட்டமாக ஓரத்திலேயே வெட்டுப்பட்டு வில்லையாக வந்திருந்தால் விளிம்பு கூர், அல்லது டார்க் அதிகம். ஓரத்தில் பிடித்த தடம் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் டார்க் போதாமல் வழுகியிருக்கிறது. ஒரு பக்கமாகச் சிறு துளை விழுந்திருந்தால் தகட்டில் அழுக்குத் துகளோ கீறலோ இருந்திருக்கும். இது லாட் முழுக்கப் பரவியிருக்கக்கூடிய குறை, எண் வரம்புக்குள் இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

உருகு பிளக்

இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும்: சரியான சூட்டில் இளகுகிறதா, அதற்குக் கீழே உள்ள சூட்டில் பிதுங்காமல் நிற்கிறதா.

முதல் சோதனைக்கு, சிலிண்டருக்குள் இருக்கும் பக்கத்தில் சுமார் 3 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்துப் பிளக்கைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். 100 டிகிரி பிளக்குக்குத் தண்ணீரோடு கிளிசரின் கலந்துகொள்ள வேண்டும். அனுமதித்த கீழ் வரம்பைவிட 2, 3 டிகிரி குறைவான சூட்டில் 10 நிமிடம் வைத்து, பிளக்கின் உடல் முழுவதும் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். முதல் காற்றுக்குமிழ் தொடர்ந்து வரும் சூடுதான் விடை. குளோரின் சிலிண்டர் பிளக்குக்கு அது 70-க்கும் 74 டிகிரிக்கும் நடுவே விழ வேண்டும். தொட்டியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், வெப்பமானியின் குமிழ் பிளக்கைத் தொடும் அளவுக்கு நெருங்கி இருக்க வேண்டும். கிளறாத தொட்டியில் மேலும் கீழும் 3 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 4 டிகிரி அகல வரம்பில் அது எல்லாவற்றையும் தின்றுவிடும்.

இரண்டாவதற்கு, 74 டிகிரி பிளக்கை 54 டிகிரியில், சிலிண்டர் அந்தச் சூட்டில் எட்டும் அழுத்தத்தில் 24 மணி நேரம் வையுங்கள். கசிவோ, முகத்தில் புடைப்போ தெரியக் கூடாது.

இங்கே தோற்பவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, கலவை விகிதம் நகர்வது. 70 டிகிரியை ஒட்டி உருகும் கலவையில் ஏறக்குறையப் பாதி பிஸ்மத், மீதி ஈயம், வெள்ளீயம், காட்மியம். விகிதம் சரியாக இருக்கையில் ஒரே சூட்டில் உருகும். விலகினால் பாதி திடமும் பாதி திரவமுமாகக் கூழ்போல் ஒரு நிலை வந்து, அதில் பிளக் மெல்லக் கசியும். இரண்டு, துளைச் சுவரில் ஈயம் சரியாகப் பற்றாதது. ஃபிளக்ஸ் (ஈயம் பற்றுவதற்காகத் தடவும் பொருள்) எச்சம் தங்கியிருந்தால் கலவை சுவரோடு ஒட்டாமல் தக்கைபோல் நிற்கும், பிறகு அப்படியே தள்ளிக்கொண்டு வெளியே வரும். மூன்று, ஊற்றும்போது நடுவில் காற்றுப்பை. இரண்டும் மூன்றும் தெரிய, ஒரு சாம்பிளை நெடுக்காக அறுத்துப் பாருங்கள். பானையை அளவுக்கு மேல் சூடாக்காதீர்கள். கலவை ஆக்சைடாகிக் கெடும், காட்மியப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

டிஸ்க்கும் பிளக்கும் சேர்ந்த சிஜி-4, சிஜி-5 சாதனத்தில் டிஸ்க்கை ஈயம் ஊற்றாமல் தனியாகக் கிழித்தும், பிளக்கைத் தனியாக உருக்கியும் சோதிக்க வேண்டும். சேர்த்த பிறகு டிஸ்க்கின் மதிப்பை அளக்க வழியில்லை, ஈயம் பின்னால் தாங்கிப் பிடிக்கும்.

ரிலீஃப் வால்வு

அழுத்தம் கூடினால் திறந்து, இறங்கினால் மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு சோதனையில் அழிவதில்லை, ஆகவே திறக்கும் அழுத்தமும் கசிவும் ஒவ்வொரு வால்வுக்கும். வெளியேற்றும் அளவு மட்டும் சாம்பிளுக்கு. எல்பிஜிக்கான 4பிஏ240 சிலிண்டரில் டெஸ்ட் பிரஷர் 480 பிஎஸ்ஐ; வால்வு அதன் 75 முதல் 100 விழுக்காட்டுக்குள், 360-480, திறக்க வேண்டும். 375 வழக்கமான அமைப்பு. முதல் முறை திறந்த அழுத்தத்தைத்தான் எழுத வேண்டும். ரப்பர் இருக்கை ஒட்டிக்கொண்டு முதல் முறை அதிகமாகவும், இரண்டாம் முறை சரியாகவும் வருவது அடிக்கடி நடக்கும். சிலிண்டரில் அதற்கு இரண்டாம் முறை கிடைக்காது.

சாம்பிள் தோற்றால்

லாட்டைப் பூட்டி வையுங்கள், பிறகு காரணம் தேடுங்கள். கேஜ், ஹோல்டர், டார்க், ஏற்றிய வேகம் இவற்றில் பிழை என்று நிரூபிக்க முடிந்தால் மட்டும் அந்தச் சோதனை செல்லாது என்று எழுதிப் புதுச் சாம்பிளில் மறுபடி செய்யலாம். காரணம் தெரியாமல் பாஸ் வரும்வரை கிழித்துக்கொண்டே போவது சோதனை அல்ல. கூடுதல் சாம்பிளுக்குத் தரநிலை இடம் தந்தால், அது சொல்லும் எண்ணிக்கையில் ஒரே ஒரு முறை. தோற்ற எண்ணையும் தாளில் வையுங்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: உருக்கு எண், காயில் எண், அனீலிங் சுற்று, டை எண், லாட்டின் எண்ணிக்கை, சாம்பிள் எடுத்த இடங்கள், ஒவ்வொரு சாம்பிளின் எண் (சராசரி மட்டும் போதாது), வெப்பநிலை, கேஜின் எண்ணும் அது கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட நாளும், ஏற்பு வரம்பு, சோதித்தவரின் கையெழுத்து. லாட் எண் பெட்டியில் மட்டும் இல்லாமல் சாதனத்தின் உடலிலும் இருந்தால்தான், ஐந்தாண்டு கழித்து ஒரு டிஸ்க் கசிந்தால் அதன் உடன்பிறப்புகள் எங்கே இருக்கின்றன என்று தேட முடியும்.

24 மணி நேரச் சோதனையில் உருகாமல் தப்பிய பிளக்கும், 85 விழுக்காட்டில் நிறுத்திவைத்துக் கழற்றிய டிஸ்க்கும் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். அவை ஏற்கெனவே இழுபட்டவை. அன்றைக்கே கத்தரியால் வெட்டிப் போடுங்கள். நிராகரித்த லாட்டையும் அப்படியே, சாட்சியோடு.