தலைமுறைக் காதல் கதைகளை இப்படிப் படித்துப் பாருங்கள்

மூன்று தலைமுறை நீளும் சரித்திரக் காதல் நாவல் கையில் கிடைத்தால், பின்னட்டையின் உள்பக்கத்தில் வம்சாவளியைப் பென்சிலால் நானே வரைந்துகொண்டே போவேன். புத்தகத்திலேயே அச்சாகியிருந்தால் அதைப் பார்க்காதீர்கள்; யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள் என்பது முன்பே தெரிந்துபோகும்.

கதை நடக்கும் வருடத்தைக் கவனியுங்கள். இதுதான் முக்கியம். இங்கிலாந்தில் 1882-ஆம் வருடச் சட்டம் வரும்வரை, மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கைக்கே போனது. இது தெரிந்தால்தான், 1850-இல் ஒரு நாயகி பண்ணைச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, தான் விரும்புகிறவனிடமே "யோசித்துச் சொல்கிறேன்" என்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரியும். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.

பேத்தியின் கதை தொடங்கும்போது, பாட்டி வந்த முதல் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள். அதே பிடிவாதம், அதே சாவி.